அசைக்காமல் வைத்த பிள்ளை

நாரணாபுரம் பக்கம் பொட்டல் காட்டில் முதல் பட்டாசு ஷெட்டை நான் தனி ஆளாக எழுப்பினேன். பிறகு பன்னிரண்டு அறைக் கம்பெனி, சிவகாசியில் காலண்டர் அச்சகம், ஆள் ஏற்றிவர இரண்டு வேன், மாடி வீடு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. லைசென்ஸ் கிடைக்காது என்று சிரித்தவர்கள் என் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் கம்பெனியில் ஒரு உயிர்கூடப் போனதில்லை. காரணம் என் பயம். வெடிமருந்து அறையில் எதையும் தரையில் இழுக்க விடமாட்டேன்; தூக்கித்தான் வைக்க வேண்டும். உரசல் என்றால் சாவு.

அதே பயத்தைப் பேத்தியிடமும் காட்டிவிட்டேன்.

ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கையில் கனமே தெரியவில்லை. காலை மடக்கி நீட்டக் கூடாது, தொட்டில் ஆடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்ய வந்த மருமகளையும் தடுத்தேன்.

"மாமா, இது பிள்ளை, வெடி இல்ல," என்றாள்.

"எனக்குத் தெரியும். பேசாமக் கெடக்கட்டும்."

இரண்டு மாதம் அப்படியே கிடந்தாள். கால்கள் விறைத்துக்கொண்டன.

மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா விளக்கினார். நரம்பைச் சுற்றி உறை போர்த்துகிற செல்கள் மூளைக்குள் உண்டாம். குறைமாதப் பிள்ளைகளுக்கு அவை பாதி வளர்ச்சியில் நின்றுவிடுமாம்.

"நரம்பு வேலை செய்யணும் ஐயா. அதுலேர்ந்து சிக்னல் வந்தாத்தான் அந்த செல் நல்லா முதிர்ந்து உறை சுத்தும். உறை இல்லேன்னா மூளை சொல்றது காலுக்குச் சரியாப் போய்ச் சேராது."

உறை சரியாகச் சுற்றாத பட்டாசுத் திரியில் நெருப்பு மருந்து வரை போய்ச் சேராது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்போ நான் கெடுத்துட்டேனா?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது. குறைமாசமே காரணமா இருக்கலாம். இனிமே ஒரு நாள்கூடப் பயிற்சிய விட்றாதீங்க."

மருமகள் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று வேளையும் நானே செய்கிறேன். முதல் நாள் அந்தப் பாதத்தைப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. மடக்குகிறேன், நீட்டுகிறேன். உள்ளே சிக்னல் போகிறதா, போனது அந்தச் செல்லுக்கு எட்டியதா, தெரியாது. நேற்று இடது கால் என் விரலை எட்டித் தள்ளியது. வலது கால் இன்னும் அப்படியேதான்.

அடுத்த ஸ்கேன் தேதியை என் அச்சகக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இடது கால் அசைந்தது டாக்டரம்மாவின் கைராசி என்கிறார்கள் வீட்டில், மருமகளின் பொறுமை என்கிறார்கள். இருக்கட்டும். என் பங்கையும் சொல்ல வேண்டும். சும்மா கிடத்திய இரண்டு மாதத்தையும் என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இடது கால் உதைத்ததற்கு என் பேரைச் சொல்லாமல் விட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.