மூன்றாம் வரியில் விடுபட்ட சுரம்

இருபத்தைந்து வருடங்களாகப் பியானோக் கச்சேரி செய்கிறேன். மேடை இல்லாத மாதங்களில் இசை ஆராய்ச்சி. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பும் உண்டு. பிறந்தது தமிழ்நாடு-கேரள எல்லையில், குளத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையில், மீன்பிடிக் குடும்பத்தில்.

சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்தபோது, ஊர் மாதா கோயிலில் ஒரு சவ அடக்கத்தின்போது பெண்கள் பாடிய பாட்டைக் கைபேசியில் பதிவு செய்தேன். மெட்டு விநோதமாக இருந்தது. மூன்றாம் வரி இறங்கி வரும்போது ஒரு சுரத்தைத் தொடாமலே தாண்டியது. பாடிய இளம்பெண்களிடம் கேட்டேன். "பண்டே உள்ள பாட்டாக்கும்" என்றார்கள். அந்த விடுபட்ட சுரத்தை வைத்தே ஒரு கட்டுரை எழுதினேன்: போர்ச்சுகீசியக் கப்பல்களோடு வந்த பழைய தேவாலய இசையின் மிச்சம் இது என்று. நல்ல பெயர் கிடைத்தது. அதைப் பற்றிப் பேச வெளியூர்களுக்கெல்லாம் அழைத்தார்கள்.

போன ஜனவரியில் திருவனந்தபுரத்தில் கச்சேரி. மூன்று நாள் முன்பே ஊருக்கு வந்துவிட்டேன். சிறுவயதில் என்னோடு கோயில் பாடற்குழுவில் இருந்த தோழி பார்க்க வந்தாள். இப்போது நெய்யாற்றின்கரைச் சந்தையில் மீன் விற்கிறாள். பதிவைப் போட்டுக் காட்டி, கப்பல் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"என்னை களியாக்குதியா மக்கா?"

"இல்லட்டி, கேலி ஒண்ணும் இல்ல. ஏன்?"

"இது நீ வாசிச்சதுல்லா. ஒங்க அப்பாவ கொண்டு வந்த அன்னிக்கு. ஓர்மை இல்லியா?"

அப்பாவின் வள்ளம் கவிழ்ந்து அவர் இறந்தபோது எனக்குப் பதினாறு வயது. அந்த நாளில் ஈர மணலும், யாரோ வாயில் ஊற்றிய, பால் விடாத கட்டன்சாயாவும் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.

"கரண்டு இல்ல, கீபோர்டு வேல செய்யல," என்றாள். "நீ யார்ட்டயும் பேசாம போயி, கோயில் மூலையில கெடந்த ஆர்மோனியத்த எடுத்து வாசிச்ச. சவப்பெட்டி உள்ள வாறது வரை நிறுத்தல. பொறவு நீ படிக்கப் போயிட்ட. நாங்க அதுக்கு வார்த்த போட்டு எல்லா அடக்கத்துக்கும் பாடுனோம்."

"அந்த மூணாவது வரி?"

"அந்த ஆர்மோனியத்துல ஒரு கட்டைக்கு சத்தம் கெடையாது. நீ அமுக்குன, கேக்கல. நாங்க கேட்டது போல பாடுனோம்."

பதிவை நிறுத்தினேன். கட்டுரை பொய்யாகிப்போனது அந்த நிமிடம் பெரிதாகப் படவில்லை. அப்பாவுக்காக நான் எதுவுமே செய்யவில்லை, அழக்கூட இல்லை என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அம்மாவும் அதைச் சொல்லித்தான் வருந்துவாள்.

மறுநாள், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதினேன். நடந்ததை எழுதித் தந்தால் இன்னும் நல்ல கட்டுரையாகுமே என்று ஆசிரியர் கேட்டார். முடியாது என்றேன்.

கச்சேரியில், இரண்டாம் பகுதியின் நடுவில், சுரங்கள் இறங்கி வரும் ஓர் இடத்தில், ஒரு கட்டையை அமுக்காமல் கை நின்றுவிட்டது. எனக்கு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அரங்கம் காத்திருந்தது. எப்படியோ தொடர்ந்து முடித்தேன்.

தோழியும் வந்திருந்தாள். "நல்லா இருந்து. நடுவுல எதுக்கு நிறுத்துன?"

கேட்டுக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள்.

"பஸ்சு போயிரும். வாறேன் மக்கா."