நான்சியின் ஐந்து கட்டை

நான்சிக்கு யார்மீதும் எளிதில் நம்பிக்கை வராது. வந்திருந்த கொஞ்சநஞ்சமும் சூரமங்கலம் மாதா கோயில் பாடகர் குழுவின் ஒத்திகையில் ஆட்டம் கண்டது. வெகுநாள் கழித்து அன்றுதான் போயிருந்தாள். கீபோர்டு வாசிக்கும் ரூபன் ஐந்து கட்டையில் சுருதி கொடுத்தான். அவள் எப்போதும் பாடும் சுருதிதான். ஆனால் மேலே போகப் போகத் தொண்டை மல்லுக்கு நின்றது.

வீட்டுக்கு வந்ததும் சுருதிப் பெட்டியைப் போட்டுப் போனில் சோதித்துப் பார்த்தாள். திருகு ஐந்தில் நின்றது. சத்தம் நாலரையில் வந்தது. பின்பக்கத்துச் சின்னத் திருகை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! காளிதாஸ்தான். திருச்செங்கோட்டுக்காரர், இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு வயலின் வாசிப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன் பெட்டியைப் பழுது பார்க்கிறேன் என்று வாங்கிப் போனவர் அவர் ஒருவர்தான்.

ஐந்து கட்டை அவளுக்கு வெறும் எண் இல்லை. ரயில்வே கலாசி சவரிராயன் மகளுக்குக் கீர்த்தனை எதற்கு என்று கேட்டவர்களின் வாயை அடைத்த சுருதி அது. இசைக் கல்லூரி முடித்தாள். சபாக்கள் கூப்பிடாத வருஷங்களில் கல்யாண மெல்லிசைக் குழுவில் பாடினாள், கோழித்தீவன விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தாள். நாமக்கல் விடுதிப் பள்ளியொன்றில், கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்ளாத பீரியடுகளில் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தாள். மாதா கோயில் அடக்கப் பூசையிலும் பாடினாள், அம்மன் பண்டிகையிலும் பாடினாள். எங்கே பாடினாலும் ஐந்து கட்டைதான்.

காளிதாஸ் இப்போது புதிதாகப் பாட வந்த கிருத்திகாவுக்கும் வாசிக்கிறார். இருபத்து நாலு வயது, ஐந்தரைக் கட்டை. சுருதியை இறக்கி நான்சியை மந்தமாகக் காட்டிவிட்டால், அவள் பாடிவரும் நாமக்கல் சபாவின் ஆண்டுவிழாக் கச்சேரி அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்குத்தானே போகும்? எல்லாம் பொருந்தி வந்தது. அதற்குமேல் நான்சிக்கு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

ஆண்டுவிழா மேடையில், திரை விலகுமுன் போனை எடுத்து வைத்தாள்.

"இன்னைக்குப் பெட்டி வேண்டாங்கண்ணா. இதுல வெச்சிருக்கேன். நெசமான அஞ்சு கட்டை."

காளிதாஸுக்கு முகம் செத்துப்போனது. "வேண்டாமுங்க அம்மிணி. நாஞ் சொல்றதக் கேளுங்க."

"ஏன், கிருத்திகாவுக்கு எடஞ்சலா?"

அவர் தந்திகளை முறுக்கினார். மிருதங்கக்காரரும் கல்லால் தட்டிச் சுருதியை ஏற்றினார்.

வர்ணம் தப்பித்தது. கல்யாணி ஆலாபனையில் மேல் காந்தாரத்தைத் தொடப்போனபோது குரல் உடைந்தது. மறுபடியும் உடைந்தது. மூன்றாம் முறை அவள் வாயைத் திறக்கும் முன்பே வயலின் முந்திக்கொண்டு அங்கே போய் நின்றது, அவளே அவருக்கு விட்டுக்கொடுத்த மாதிரி. கூட்டம் கைதட்டியது. பெட்டியை இறக்கி வைத்தது எதற்கு என்று நான்சிக்கு அப்போதுதான் புரிந்தது.

மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின்போது காளிதாஸ் பக்கம் சாய்ந்து கேட்டாள். "எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருசமாச்சுங்க. ஆத்தூர்க் கச்சேரியில இப்பிடித்தான் ஒடஞ்சுது. நீங்க சளின்னீங்க. தெரிஞ்சா பாடறதையே உட்டுருவீங்கன்னு பயந்துட்டனுங்க."

"மிருதங்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"கிருத்திகாவுக்கு?"

காளிதாஸ் வில்லைத் துடைக்க ஆரம்பித்தார்.

சதி என்றால்கூடத் தாங்கியிருப்பாள். எல்லோரும் சேர்ந்து இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் தாங்கவில்லை. கீர்த்தனை முடிந்ததும் போனில் சுருதியை மாற்றினாள்.

"நாலரைக்கு எறக்குங்கண்ணா," என்றாள், மைக்கைத் தள்ளிவைக்காமலே.