மரத்துப்போன பாதங்கள்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து மூன்றாவது வருடம் நடந்தது இது. மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் நானும் என் நான்கு வயது மகளும் குடியிருந்தோம். என் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. கொல்லையில் மரவள்ளி நட்டிருந்தேன். அந்த மாவில் பலகாரம் செய்து கிளேபாங்கில் இருந்த ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்து வந்தேன். காலையில் அவித்த மரவள்ளி, மத்தியானம் மரவள்ளிக் கஞ்சி. ரேஷனில் எப்போதாவது சுண்ணாம்பு கலந்த அரிசி கிடைக்கும். நாற்றம் போகக் கழுவிக் கழுவி வடித்து, அந்தச் சோற்றைப் பிள்ளைக்கு வைத்துவிடுவேன். வாத்து முட்டை கிடைத்தால் அதுவும் அவளுக்குத்தான்.

முதலில் பாதங்கள்தான் மரத்தன. எறும்பு ஊர்வது போல இருந்தது, பிறகு ஒன்றுமே தெரியாமல் போனது. ஒருநாள் கிளேபாங் பாதையில் பாதி வழி போனபின்தான் ஒரு காலில் செருப்பில்லை என்று பார்த்தேன். அது எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. வெறுங்காலோடு கல்லில் நடந்து வந்திருக்கிறேன், வலிக்கவில்லை.

அதன்பின் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். கைகூப்பிக் கண்ணை மூடினேன். மூடியதும் தரை நழுவியது போல இருந்தது. தூணைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். கண்ணைத் திறந்தால் நேராக நிற்க முடிந்தது, மூடினால் ஆடினேன். அன்று சாமியைக் கண் திறந்தபடியே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். அங்கே வெள்ளைக்காரர் வார்டில் ஒரு தோட்டத் துரையின் மனைவியைக் கவனித்துக்கொண்டேன். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். முதலில் ஒரு கண் மங்கியதாம், தானாகவே தெளிந்ததாம். பிறகு கால் மரத்தது, நடை தள்ளாடியது. நான் பார்க்கும்போது படுக்கையில் திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. நரம்பின் மேலுறை திட்டுத் திட்டாக இறுகிப்போகும் நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். இப்போது அதை மல்டிபிள் ஸ்க்லரோஸிஸ் என்கிறார்கள். அந்த அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்ததும் உடம்பு துடைத்ததும் நான்தான். அதனால் அந்த நோய் போகும் வழி எனக்குத் தெரியும் என்று நம்பினேன்.

கால் மரப்பது என்றால் சத்துக் குறைவால் வரும் பெரிபெரியாக இருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். நானும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் நான் பார்த்த பெரிபெரி நோயாளிகளுக்குக் கால் வீங்கியிருக்கும், மூச்சு வாங்கும். எனக்கு வீக்கம் இல்லை. அதைவிட முக்கியம், கொஞ்ச நாளில் என் கண்ணும் மங்கத் தொடங்கியது. மகளின் முகத்தைப் பார்த்தால் காதும் முடியும் தெரிந்தன, நடுவில் மூக்கும் வாயும் புகையாக இருந்தன. கண்ணைத் தொடுகிற பெரிபெரியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆகவே அது அந்த அம்மாவின் நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவருக்கு ஒரு கண்தான் மங்கியது, எனக்கு இரண்டும் ஒன்றாக மங்குகின்றன என்ற வித்தியாசம் தெரிந்தும் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தெருவில் தொற்று நோய் என்று நினைப்பார்கள், பலகாரம் விற்காது. படுத்த படுக்கையானால் பிள்ளையை யார் பார்ப்பது என்பது ஒன்றுதான் கேள்வி.

கிளேபாங் கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. கடலோரம் என்பதால் அவர்கள் வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. நான் போகும்போதெல்லாம் அந்த அம்மா என் மகளைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒருநாள் அவரிடம், இவளை நீங்களே வளர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் புருஷனிடம் பேசிவிட்டு வந்தார்.

"எம் புள்ளையா பாத்துக்குவேன். நீ எப்ப வேணும்னாலும் வந்து பாரு. ஆனா நல்லா யோசிச்சுக்கம்மா. அப்புறம் திருப்பிக் கேட்டா என்னால தாங்க முடியாது," என்றார்.

யோசித்துவிட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை அவர் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை காலை மகளிடம் இருந்த ஒரே நல்ல கவுனை எடுத்துப் பார்த்தேன். பித்தான் அறுந்திருந்தது. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எவ்வளவு முயன்றும் ஊசியில் நூல் நுழையவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். எங்கள் சாமிதான் அவர்களுக்கும், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். உறவுமுறைச் சொற்களில் மட்டும் தமிழ் இருக்கும். அதனால் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். மற்ற பேச்செல்லாம் மலாயில்.

அவர் ஊசியை வாங்கினார். நூலை நாக்கில் நனைத்துக் கோக்கப் பார்த்தார். நூல் ஊசியின் பக்கத்திலேயே போனது. மறுபடி முயன்றார். பிறகு இரண்டையும் மடியில் வைத்துவிட்டு, தனக்கும் கொஞ்ச நாளாகக் கண் நடுவில் புகை மூட்டமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

நான் என் காலைத் தொட்டுக் காட்டி, அக்கா, எனக்குப் பாதமும் மரத்திருக்கிறது என்றேன். அவ்வளவு நாளில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சாரோங்கைக் கணுக்கால் வரை தூக்கினார். பெருவிரலில் ஒரு தீக்காயம். அடுப்புக் கங்கு விழுந்தது தெரியவே இல்லையாம்.

"காக்கி சாயா பூன் சாமா," என்றார். என் காலும் இதேதான்.

அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு வந்தது அபூர்வமான நோய். மருத்துவமனையில் இருந்த அத்தனை வருடத்தில் நான் பார்த்தது அந்த ஒருவரைத்தான். அப்படிப்பட்ட நோய் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கு எப்படி வரும்? நர்ஸ் வேலை பார்த்த புத்தி அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது. எதிர்வீட்டுச் சீனத் தச்சர் கொஞ்ச நாளாகக் காலை அகட்டி அகட்டி நடப்பது நினைவுக்கு வந்தது. போய்க் கேட்டோம். முதலில் முறைத்தார். பிறகு, உளி பிடித்தால் கோடு தெரிவதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

அன்றே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தோம். அங்கே ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். மருந்து அலமாரி காலி. இருந்தாலும் பொறுமையாகப் பார்த்தார். நான் பயந்த நோயின் பேரைச் சொன்னேன். அவர் என்னை மேசை விளிம்பில் கால் தொங்க உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை.

"நீ சொல்ற அந்தம்மாவுக்குத் தட்டினா கால் எகிறியிருக்கும். பாத்திருப்ப இல்ல?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். பலமாக எகிறும்.

"உனக்கு அசையவே இல்ல. இது வேற. மரவள்ளியையே தின்னு நரம்புக்குச் சத்து இல்லாமப் போச்சு. கண்ணும் அதனாலதான். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இப்ப இதுதாம்மா."

அவரிடம் கொடுக்க ஊசி மருந்து இல்லை. தவிடு, கடலை, பச்சைப்பயறு, கீரை, எது கிடைத்தாலும் தின்னச் சொன்னார். மரவள்ளியை நன்றாக ஊறவைத்து அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார். எல்லாம் பழைய நிலைக்கு வருமா என்று கேட்டேன். கால் வரும், கண்ணைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் விடிந்ததும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கிளேபாங் போனேன். கடைக்கார அம்மா புதுப் பாயும் சின்னத் தலையணையும் எடுத்து வைத்திருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், பிள்ளையைக் கொடுக்க முடியாது என்றும் சொன்னேன். அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. கிளம்பலாம் என்று நினைத்தபோது கருவாடும் வறுத்த கடலையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"இது புள்ளைக்கு இல்ல. நீ தின்னு," என்றார்.

நானும் அக்காவும் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் நெல் குத்தும் மலாய்க்காரர் வீடுகளுக்கு நடந்துபோய், என் கல்யாணச் சேலையைக் கொடுத்துத் தவிடு வாங்கி வந்தோம். அதைக் கஞ்சியில் கலந்து தெருவில் யாருக்குக் கால் மரத்திருந்ததோ அவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். கேட்கத் தொடங்கிய பிறகுதான் எத்தனை பேர் மறைத்து வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஆளுக்கொரு காரணம். ஒருவர் குஷ்டம் என்று பயந்திருந்தார், இன்னொருவர் செய்வினை என்று.

சில மாதங்களில் என் பாதங்களுக்கு உணர்ச்சி திரும்பியது. அக்காவுக்கும் அப்படியே. தச்சர் கடைசி வரை கோலூன்றித்தான் நடந்தார். என் பார்வை பெரும்பாலும் தெளிந்தது, பொடி எழுத்து மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. சண்டை முடிந்தும் என் கணவர் வரவில்லை. கிளேபாங் அம்மா உயிரோடு இருந்தவரை என் மகளுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுத்துக்கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் மறுபடி பேசிக்கொண்டதே இல்லை.

பிறகு மறுபடி நர்ஸ் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறும் வரை இருந்தேன். யாராவது குரலைத் தாழ்த்தி, எனக்கு என்னவோ ஆகிறது என்று தொடங்கினால், உங்களுக்குத் தெரிந்தவர்களில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்பேன். பலர் அதுவரை யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.