ஸ்ரீபெரும்புதூரில் பாதி கான்செர்ட்டோ

ஆடி, 1991. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே பாட்டுப் பதியும் கடையில் பியானோ ஒலிக்கிறது. பியானோ சுருதி சேர்ப்பது என் தொழில், உள்ளே போகிறேன். கேசட் அட்டையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். ஆர்கெஸ்ட்ராவோடு பியானோ வாசிக்கும் கான்செர்ட்டோவாம், நூறு வருடமாக யாரும் வாசிக்காததாம், இப்போதுதான் தேடியெடுத்துப் பதிந்தார்களாம்.

கடைக்காரர் கேசட்டை வெளியே எடுத்து, பாட்டு அழியாமலிருக்க உடைத்துவைத்த மூலை ஓட்டையில் செலோடேப் ஒட்டுகிறார்.

"ஏங்க ஒட்டுறீங்க?"

"அம்மன் பாட்டு ஏத்தணும் சார். இதுல பாட்டே இல்ல, ஒரே டொய்ங் டொய்ங். ஒரு பக்கம் ஏத்திட்டேன்."

கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் கேட்கவே கூசுகிறவன் நான், கத்திவிடுகிறேன். "அழிக்க வேற கேசட்டே கிடைக்கலையா?"

"இன்னா சார், உங்க மாமனாரா வாசிச்சாரு?"

அவர் கடையிலேயே புதுக் கேசட் வாங்கி அவர் கையில் திணித்துவிட்டு, பழையதைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். செலோடேப்பைப் பிய்த்தெறிகிறேன். நூறு வருடம் தப்பிய இசை, ஒரு ஆடி மாதத்துக்குப் பாதிதான் தப்பியது.