நன்றி மெயில் போடாதீங்க

ஓசூரில் பழைய மெஷின்களோடு மாரடிப்பவர்களில் ரெக்ஸ் சாரைத் தெரியாதவர் குறைவு. அவரிடம் திட்டு வாங்காதவர் அதைவிடக் குறைவு.

மனுஷன் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்த்தே தலை நரைத்தவர். அவர் பார்ப்பதெல்லாம் செய்தவனே கைகழுவிவிட்ட, கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் சி.என்.சி. லேத்துகள். மேனுவல் கிடைக்காது, சர்வீஸுக்கு ஆள் வராது. அதனால் ஒரு மெயில் குழு ஆரம்பித்தார். பாகலூர், சூளகிரி, அத்திப்பள்ளி என்று மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முன்னூறு பேர் சேர்ந்தார்கள். யாரிடம் எந்த மேனுவல் இருந்தாலும், எந்த மெஷினின் பேக்கப் எடுத்தாலும் அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒழுங்காகப் பெயர் வைத்து, வகை பிரித்து, ஒரு வலைப்பக்கத்தில் ஏற்றிவிடுவார். வேண்டியவன் இறக்கிக்கொள்ளலாம். மாதத்தின் முதல் ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் இதுதான் வேலை. மட்டன் குழம்பு ஆறிப்போகும்.

"வாட்ஸ்அப்புல போட்டா ஒரு நிமிஷ வேலைங்க இது" என்பாள் மனைவி டெல்சி.

"போடலாம். நாளைக்குக் காலைல குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடியில தேடு" என்பார்.

குழுவுக்கு விதிகள் உண்டு. முதல் விதி, நன்றி மெயில் போடக் கூடாது. பாகலூரில் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கும் வெங்கடப்பன் இது தெரியாமல் ஒருநாள், "சூப்பர்ணா, ரொம்ப தேங்க்ஸ்ணா" என்று கும்பிடு பொம்மையோடு முன்னூறு பேருக்கும் அனுப்பிவிட்டான். ரெக்ஸ் சாருக்கு வந்ததே கோபம்! அன்றைக்கே அவனைக் குழுவிலிருந்து தூக்கினார். அதோடு விட்டாரா? பத்து வார்த்தைக்குக் குறைந்த மெயில் எது வந்தாலும் அனுப்பியவருக்கே திட்டோடு திரும்பிப் போகும்படி ஒரு ஃபில்டரும் போட்டார். விதி என்றால் எல்லாருக்கும்தான் என்று தன் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டார். பிறகு அப்படி ஒன்று போட்டதையே மறந்துவிட்டார். குழு அமைதியானது. எவ்வளவு கட்டுப்பாடான ஆட்கள் என்று அவருக்குப் பெருமையான பெருமை.

போன வருஷம், இலவசமாக இடம் கொடுத்திருந்த தளம் கடையை மூடப்போவதாக அறிவித்தது. அத்தனை ஃபைலையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். எத்தனை ஞாயிறு போகுமோ!

"யாராவது பார்க்கறாங்களான்னு முதல்ல கேளுங்க" என்றாள் டெல்சி.

ஏன் கேட்டாளோ! இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவருக்கு வந்ததே இல்லை. வந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. குழுவுக்கு எழுதினார்: "இந்த ஃபைல்கள் யாருக்காவது பயன்படுகிறதா? 'ஆமாம்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். கதை எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் மூடிவிடுவேன்."

ஞாயிறு வந்தது. ஒரு பதிலும் வரவில்லை. பூசையில் கூட ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"முன்னூறு பேர்ல ஒருத்தனுக்கு வாய் இல்லையாடி?" என்று டெல்சியிடம் பொங்கினார். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தார். தன் கம்ப்யூட்டரில் இருந்ததையும் விடவில்லை. அழ வேண்டிய வயசில்லை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் மாதாந்திர மின்தடை. கரண்ட் வந்ததும் கம்பெனியின் பெரிய லேத் முழித்துக்கொண்டு நின்றது. மெமரி பேட்டரி செத்துப்போயிருந்தது, மெஷினை ஓட்டும் பாராமீட்டர் எண்களெல்லாம் காலி. வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றுங்கள் என்று ஊருக்கெல்லாம் ஃபைல் போட்டவர், சொந்த மெஷினுக்கு மாற்றவில்லை.

புரொடக்ஷன் இன்சார்ஜ் மாதவன் வந்து நின்றான். "பேக்கப் இருக்குல்ல சார்?"

இருந்தது. அந்த வலைப்பக்கத்தில்தான் இருந்தது. ரெக்ஸ் சார் துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். வேலையே போய்விடும் போலிருந்தது.

அப்போது ஃபோன் வந்தது.

"அண்ணா, பாகலூர் வெங்கடப்பன். பேஜ் தொறக்கமாட்டேங்குதுண்ணா. என்ன ஆச்சு?"

"நீதான் குரூப்லயே இல்லையேப்பா?"

"மெயில்லருந்துதானேண்ணா தூக்கினீங்க, பேஜைப் பூட்டலியே! மாசாமாசம் நீங்க ஏத்தறதை அப்படியே இறக்கி வெச்சுக்குவேன். இந்தப் பக்கம் எவன் மெஷின் நின்னாலும் என்கிட்டதான் ஓடி வர்றான். ரெக்ஸ் அண்ணா குடுத்ததுன்னு சொல்லித்தான் குடுப்பேன்."

"மொத்தமும் இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்குதுண்ணா."

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். வெங்கடப்பன் ஷெட்டு வாசலிலேயே டீயும் பென்டிரைவுமாக நின்றான். அவர் வைத்த பெயர், அவர் பிரித்த வகை, எதுவும் மாறாமல் அதில் இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தார், பழக்கமில்லாததால் வரவில்லை. "உன் மெஷினுக்கு பேட்டரி மாத்திட்டியா?" என்றார்.

"போன மாசமே மாத்திட்டேண்ணா. நீங்கதானே எழுதியிருந்தீங்க."

லேத் ஓடியது. மாதவன் கைகொடுத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெங்கடப்பனை மறுபடி குழுவில் சேர்த்தார். சொந்த விதியை இந்த ஒருமுறை மீறலாம் என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டு, முன்னூறு பேருக்கும் எழுதினார்: "பாகலூர் வெங்கடப்பனுக்கு ரொம்ப நன்றி."

அனுப்பிய கையோடு ஒரு மெயில் வந்து விழுந்தது. டெல்சி எட்டிப் பார்த்து சத்தமாகப் படித்தாள்.

"உங்கள் மெயில் திருப்பி அனுப்பப்படுகிறது. விஷயம் இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். முன்னூறு பேர் வேலையைக் கெடுத்து நீங்கள் சொல்லும் ஒற்றை வார்த்தை இங்கே யாருக்கும் தேவையில்லை."

"அடப்பாவி! யாருங்க உங்களை இப்படித் திட்டினது?"

"நான்தான்" என்றார் ரெக்ஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் 'ஆமாம்' போட்டவர்கள் எத்தனை பேரோ. அத்தனை பேருக்கும் இதே திட்டு போயிருக்கிறது, அவர் கேட்ட கேள்விக்கு அவரே கொடுத்த பதிலாக. பிறகு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் எழுதினார். அனுப்புவதற்கு முன், பத்து வார்த்தை தேறுகிறதா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.