சன்னாசி அண்ணன் ஏறாத ரயில்

சன்னாசி அண்ணன் போய்விட்டார் என்று மெர்கோங்கிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். சட்டையை மாட்டினேன், கழற்றினேன், வாசல்வரை போய்த் திரும்பினேன். அடக்கம் முடிந்து வந்த பிறகும் உட்கார முடியவில்லை. மலாயாவில், புக்கிட் செலம்பா ரப்பர் தோட்டத்தில் அவரோடு பால்மரம் சீவியவர்களும் பந்து விளையாடியவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில் அவர் தம்பி வேலுவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அண்ணன் அன்று பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். "நான் இருந்திருந்தா என் பேரக் கொடுத்திருப்பேன்" என்பார். அதன்பின் அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. மரவள்ளிக்கிழங்கைக்கூட நடந்துகொண்டேதான் தின்பார்.

ஜப்பான்காரன் எங்கள் கெடா மாநிலத்தைச் சயாமுக்குக் கொடுத்த பிறகு, சயாம் அதிகாரிகள் அலோர் ஸ்டாரில் பந்தாட்டப் போட்டி வைத்தார்கள். சயாம் அணியும் கெடா அணியும் மோத வேண்டும். நாங்கள் ஜெயித்தால் அடுத்த ஆட்டம் எல்லை தாண்டி ஹாட்யாயில். தோற்றால் அத்தோடு சரி. கெடா அணியில் தோட்டத்து ஆட்கள் நாங்கள் இருவர்தான். அவர் முன்வரிசையில் ஆடுவார், நான் கோல்கீப்பர்.

லோரியில் போகும்போது சொன்னார்: "ஜெயிச்சா ரயில்ல ஏத்துவானுங்க. ஹாட்யாய்ல எறங்கி அப்படியே வேலு இருக்கிற பக்கம் போயிருவேன்."

"சயாம் ரயில் ஏறுனவன் எவன் அண்ணே திரும்பி வந்தான்?"

"நீ பந்தப் புடி, போதும்."

என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள்.

அண்ணன் முதல் கோலைப் போட்டார். சயாம் ஆட்கள் சமன் செய்தார்கள். அவர் நிற்கவேயில்லை, விழுந்தார், எழுந்தார், மறுபடி ஓடினார். இன்னொரு கோல் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெயித்தால் அந்த ரயிலில் நானும் ஏற வேண்டும். ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு பந்து தரையோடு மெதுவாக வந்தது. யாரும் பிடித்திருக்கலாம். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

"பந்து வழுக்கிருச்சா?" என்று பிறகு கேட்டார்.

"ஆமாண்ணே."

"சரி லா. புல்லு ஈரம்" என்றார். அன்று வெயில் கொளுத்தியது.

ஜப்பான் சண்டை முடிந்து ரயில் பாதை வேலையிலிருந்து திரும்பிய ஒருவர், வேலு காய்ச்சலில் செத்துப்போனான் என்றார். எந்த மாதம் என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மனிதருக்கு நினைவில்லை. ஆட்டத்துக்கு முன்பா, பின்பா? அந்தக் கேள்வி இன்றுவரை என்னைத் தூங்கவிட்டதில்லை.

பல வருடம் கழித்து என் மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோது, பத்திரிகையை நீட்டுவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் தம்பி. நீ கைய மடக்குனத நான் பாத்தேன். ஒனக்கும் குடும்பம் இருந்துச்சு. அன்னிக்கு ரொம்பக் கோவம். இன்னிக்கும் கொஞ்சம் இருக்கு. வா, சாப்பிடு."

மன்னித்துவிட்டேன் என்று ஒப்புக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் பரிமாறினார், கடைசி ஆளாகத்தான் போனார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கொஞ்சம் கோபத்தைத்தான். அதை வைத்திருக்க இனி வேறு ஆள் இல்லை.