திரையில் தெரிந்த 'தெக்கான்'

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளின் கடைசி. மலேசியாவில், சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பஸ் ஏறி சுங்கை காடுட்டில் மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலைக்குப் போவேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி ஓட்டியவர். வாதம் அடித்ததில் பேச்சும் வலது கையும் போய் வீட்டோடு இருந்தார். இடது கையால் எழுதினால் யாருக்கும் புரியாது. எதையோ சொல்ல வருவார், தண்ணீரா என்பேன், சாப்பாடா என்பேன், கடைசியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அப்போதுதான் கொழுந்தன் ரவி, அம்பாங்கானில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். தட்டச்சுப் பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கியது, டிவியில் மாட்டினால் போதும், ஒற்றை விரலால் தட்டி அண்ணன் பேசிவிடுவார் என்றான். மாட்டினோம். டிவி முழுக்கக் கிறுக்கல். எதைத் தட்டினாலும் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே நல்ல மழை, அதைத் திறந்து போட்டு உட்கார்ந்தேன். வயரை மாற்றினேன், டிவி சேனலைத் திருகித் திருகிப் பார்த்தேன், இணைப்புகளை அழிரப்பரால் தேய்த்தேன். அதே கிறுக்கல்.

"விடுங்கலா அண்ணி, இது செத்துப்போச்சு," என்று ரவி கிளம்பிவிட்டான்.

அவர் மட்டும் என் பக்கத்து நாற்காலியில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி மூடி வைப்பது? மறுபடியும் சுவிட்சைப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், கிறுக்கலுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் 'தெக்கான்' என்று தெளிவாக நின்றது. மலாயில் 'அமுக்கு' என்று அர்த்தம். கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் காணோம்.

எதை அமுக்குவது? உள்ளே வரிசையாகச் செருகியிருந்த சில்லுகள் கண்ணில் பட்டன. சூட்டில் அவை மெல்ல மேலே எழும்பிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கினேன். பெரியது ஒன்று டக்கென்று இறங்கியது. சுவிட்சைப் போட்டேன். திரை சுத்தமாக இருந்தது, மூலையில் ஒரு சின்னக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மழையில் ஓடிவந்தார்கள், ரவியும் பாதி வழியில் திரும்பி வந்தான். எல்லோர் முன்னாலும் அவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார்: 'வசு, உன் தேத்தண்ணில எப்பவும் சீனி பத்தாது.'

வீடே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. தேத்தண்ணி கலக்கக் குசினிக்கு ஓடினேன். அன்று பொழுது சாயும்வரை அவர் நிறுத்தவே இல்லை. ரவியைத் திட்டினார், பக்கத்து வீட்டுக்காரரைக் கேலி செய்தார், லாரியை இப்போது ஓட்டுகிறவனுக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு, திரையில் பார்த்த சொல்லைப் பற்றி அவரிடம் சொன்னேன். நிதானமாகத் தட்டினார்.

'எழுத்து எதையும் நான் பாக்கல. சத்தம்தான் கேட்டுச்சு. குசினிலேருந்து. தெக்கான்லா வசுன்னு. என்னோட பழைய குரல்.'

குசினியில் அப்போது யாருமே இல்லை. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இன்றைக்கும் படுக்கப் போகும்போது குசினிக் கதவைச் சாத்த அவர் விடுவதில்லை. ஏன் என்று கேட்டால், விரலை உதட்டில் வைத்துவிட்டு, அந்தப் பக்கமாகக் காதைத் திருப்புகிறார்.